ரொசாரியோவின் பூட்டிய அறை: ஒரு வாசிப்பின்மீது ஆட்சேபம்

1968ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அர்ஜென்டினா நாட்டின் ரொசாரியோ நகரில், கிராசியேலா கர்னெவாலே என்னும் இளம் கலைஞர் தம்முடைய நிகழ்ச்சியின் தொடக்கத்துக்கு வந்திருந்தோரை வெற்று அறை ஒன்றில் விட்டு, அவர்கள் அறியாதவாறு வெளிப்புறம் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்பதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்த அவர்கள், வெளியே இருந்த ஒருவர் கண்ணாடியை உடைத்த பின்னரே விடுதலை பெற்றனர் என்பதும் பங்கேற்புக் கலையின் சரித்திரத்தில் பழக்கமுள்ளவர்கள் யாவரும் அறிந்த விஷயங்கள். அறியப்பட்ட இந்தச் சம்பவத்துக்கு இன்று வழங்கும் பொருள், ஸ்பானிய மொழிக்கு வெளியே உள்ள வாசகர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் கிளேர் பிஷப் என்னும் ஆங்கில விமரிசகர் வகுத்துத் தந்த பொருளாகவே இருக்கிறது. 2012இல் வெளிவந்த 'ஆர்ட்டிஃபிஷியல் ஹெல்ஸ்' என்னும் அவருடைய நூலின் நான்காம் அத்தியாயத்தில் இச்சம்பவம் இடம்பெறுகிறது. அந்த அத்தியாயத்தின் தலைப்பு, வெளிப்படையாக்கப்பட்ட சமூகக் குரூரம் என்று பொருள்படுவது. அத்தலைப்பின் நிழலில் இச்சம்பவத்தைக் கொண்டுபோய் நிறுத்தியதிலும், கலைஞர் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று அவர் முடிவு கூறியதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்குரிய காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். பாரிஸையும் நியூயார்க்கையும் விட்டு வேறிடம் பார்க்கத் தெரியாத கலைச் சரித்திரக்காரர்களுக்கு, ரொசாரியோ என்று ஒரு நகரம் உண்டு என்பதைப் புத்தியில் பதியுமாறு சொன்னவர்களில் பிஷப் முக்கியமானவர். கர்னெவாலே எழுதிய குறிப்பை 2006இல் தாம் தொகுத்த 'பார்ட்டிசிபேஷன்' என்னும் திரட்டில் சேர்த்தவரும் அவரே. ஆகவே அவர் மூல பாடத்தை அறியாமல் எழுதினார் என்று சொல்ல வழியில்லை. அறிந்தவர் ஏன் அவ்வாறு எழுதினார் என்பதே வினா.

அந்தத் தலைப்புச் சொற்றொடர் ஆஸ்கர் மசோட்டாவினுடையது. 1966ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புவேனோஸ் அயர்ஸ் நகரத்து டி தெல்லா நிறுவனத்தில் அவர் நடத்திய நிகழ்ச்சியில், கூலி பெற்றுக்கொண்டு வந்த, வயது முதிர்ந்த, எளிய தோற்றமுடைய இருபது பேர் கடுமையான வெளிச்சத்துக்கும் செவியைத் துளைக்கும் ஒலிக்கும் எதிரே ஒரு மேடையில் ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டனர். நுழைவுக் கட்டணம் கொடுத்து வந்த சபையோர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். இதற்கு என்ன பொருள் என்று இடதுசாரி நண்பர்கள் கேட்டபோதெல்லாம் மசோட்டா ஒரே வாக்கியத்தை ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அந்த வாக்கியத்திலிருந்து பிறந்ததே பிஷப்பின் தலைப்பு. அது மசோட்டாவுக்கு மிகப் பொருத்தமானது. பணம் வாங்கி நிற்பவர், பணம் கொடுத்துப் பார்ப்பவர், இருவருக்கும் நடுவே நிர்வாகம் செய்யும் கலைஞர் என்ற மூவகை உறவில்தான் அந்தக் குரூரம் வசிக்கிறது. 1968 மே மாதம் ஆஸ்கர் போனி, ஒரு தொழிலாளியையும் அவர் மனைவியையும் மகனையும் அதே டி தெல்லாவில் பீடமொன்றில் உட்காரவைத்து, அவர் வழக்கமாகப் பெறும் கூலியைப்போல் இரு மடங்கு தருவதாக அறிவித்த படைப்புக்கும் அது ஒருவாறு பொருந்தும். ரொசாரியோ அறையில் கூலி இல்லை. கூலிக்கு நின்றவர் இல்லை. பார்க்கப்படுவோர் என்றும் பார்ப்போர் என்றும் பிரிவு இல்லை. கலைஞரே அங்கு இல்லை. இந்த வேறுபாடுகளைப் பிஷப் உணராதவர் அல்லர். உணர்ந்தும் மூன்றையும் ஒரு நூலில் கோத்தார். கோத்த நூல் மசோட்டாவின் வீட்டு நூல்.

நான் வேறு ஒரு வரிசையை முன்வைக்கிறேன். அடைத்த இடத்துக்குள் மனிதரை விட்டு, அவர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகுகிறார்கள் என்று பார்க்கும் முயற்சி அர்ஜென்டினாவில் 1968இல் திடீரென்று முளைத்ததன்று. 1965இல் மார்த்தா மினுஹினும் ரூபென் சாந்தாந்தோனினும் டி தெல்லாவில் அமைத்த 'லா மெனெசுந்தா' என்னும் புதிர்வழியில், மக்கள் தெருவில் வரிசையாக நின்று சிறு சிறு குழுக்களாக உள்ளே போயினர். படுக்கையில் கிடக்கும் தம்பதியரைக் கடந்தனர். ஒப்பனை செய்யும் பெண்களின் கைகளுக்குத் தம் முகங்களைக் கொடுத்தனர். குளிர்பதன அறை ஒன்றில் நடுங்கினர். ஓரிடத்தில் பெரிய தொலைபேசிச் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது; சரியான எண்ணைச் சுழற்றினால்தான் அடுத்த இடத்துக்கு வழி. வெளியேறும் உபாயத்தைக் கலைஞரே முன்கூட்டிச் செய்துவைத்திருந்தார் என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். புதிருக்கு விடை உண்டு. விடை கலைஞரிடம் உண்டு. அடைபடுதல் ஒரு விளையாட்டு.

அடுத்த ஆண்டு ஒங்கானியாவின் இராணுவ ஆட்சி வந்தது. அதன் பிறகு நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். போனியின் குடும்பம் பீடத்தில் அமர்ந்திருந்த அதே மே மாதக் காட்சியில், ராபர்ட்டோ பிளாட்டே என்பவர் பொதுக் கழிப்பறை போன்ற ஓர் அமைப்பைக் கட்டி, உள்ளே கழிப்பறைச் சாதனம் எதுவும் வைக்காமல் விட்டார். கதவைச் சாத்திக்கொண்டு தனியே நின்ற பார்வையாளர்கள், பொதுக் கழிப்பறைச் சுவர்களில் மனிதர் எழுதுவனவற்றை எழுதினர். அவற்றில் ஆட்சித் தலைவருக்கு எதிரான வாசகங்களும் இருந்தன. காவல் துறை அந்தப் படைப்புக்கு மட்டும் தடை போட்டது. மற்றக் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை ஃப்ளோரிடா வீதிக்குத் தூக்கிவந்து உடைத்தெறிந்தனர். அடைத்த இடம், அடைபட்டவன், அவன் செய்யும் காரியம், அதைப் பார்க்கும் அரசு என்ற நான்கும் ஒன்றுசேர்ந்த முதல் சந்தர்ப்பம் இதுவே என்பது என் அபிப்பிராயம். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் இதைத் தணிக்கையின் கதையாகச் சொல்கிறார்களே தவிர, சிறிய அறைக்குள் தனிமை ஒரு மனிதனுக்கு என்ன துணிவைத் தருகிறது என்ற கோணத்தில் நோக்குவது அரிதாகவே இருக்கிறது.

கர்னெவாலேயும் சேர்ந்திருந்த ரொசாரியோக் கலைஞர் குழுவினரின் சோதனைக் கலைத் தொடர் அந்த மே மாத இறுதியில் தொடங்கியது. தொடக்க நிகழ்ச்சி நோர்பெர்ட்டோ புஸ்ஸோலோவுடையது: அறையில் நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டிருந்தன, அவை வெளிப்புறத்தை நோக்கிய கண்ணாடியைப் பார்த்தவாறு இருந்தன. கலை பார்க்க வந்து அமர்ந்தவர் தெருவைப் பார்த்தார். தெருவில் போனவர் அமர்ந்திருப்பவரைப் பார்த்தார். பிறகு ரோடோல்ஃபோ எலிஸால்டேயும் எமிலியோ கிலியோனியும் அறைக்கு வெளியே ஒரு பொய்ச் சண்டை பிடித்தனர். செப்டம்பரில் எடுவார்டோ ஃபவாரியோ அறையை மூடிப் பாழடைந்த இடம்போல் ஆக்கி, வந்தவர்களை நகரின் வேறோர் இடத்துக்குப் போகச் சொல்லும் அறிவிப்பை மட்டும் விட்டுவைத்தார். அக்டோபரில் கர்னெவாலே, வந்தவர்களை உள்ளே விட்டு மூடினார். தொடரின் எல்லா நிகழ்ச்சிகளையும் நான் இங்கே சொல்லவில்லை. நிகழ்விடம் முழுவதும் ஒன்றேதானா என்பதும் என் வாதத்துக்கு அவசியமன்று. மூடிய உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே நிற்கும் எல்லையையே இக்குழு மாதக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருந்தது என்பதுதான் அவசியம். ஃபவாரியோவின் மூடிய கதவும் கர்னெவாலேயின் மூடிய கதவும் சில வாரங்களே இடைவெளியுள்ள இரட்டைகள்: ஒன்றில் பூட்டுக்கு அப்பால் சபையோர், மற்றொன்றில் பூட்டுக்கு இப்பால்.

நடுவே, ஜூலை மாதத்தில், டி தெல்லாவின் கலைப் பிரிவுத் தலைவரான ரொமேரோ பிரெஸ்ட் ரொசாரியோவில் சொற்பொழிவாற்ற வந்தபோது, இக்குழுவினர் மண்டபத்தில் புகுந்து மின்சாரத்தைத் துண்டித்து, இருளில் தங்கள் அறிக்கையைப் படித்தனர். டி தெல்லா அளித்துவந்த பண உதவியும் அதையொட்டி உதறப்பட்டது. பார்வையாளரைச் சிறைப்படுத்திப் பேசும் பழக்கம் அக்டோபருக்கு முன்பே இவர்களுக்கு உண்டு என்பதற்கு இது சாட்சி. கர்னெவாலே செய்த புதுமை, சிறைப்படுத்திய பிறகு பேசாமல் போய்விட்டது.

இனி மூல பாடத்துக்கு வருவோம். கர்னெவாலே எழுதிய குறிப்பு நீளமானதன்று. அச்சில் ஒரு பக்கத்துக்குச் சற்றே மேற்படும். அதன் முதற்பகுதி அறையின் ஏற்பாட்டைக் கூறுகிறது: முற்றிலும் வெறுமையான அறை, வெறுமையான சுவர்கள், ஒரு சுவர் கண்ணாடியாதலால் அதை மூடவேண்டி வந்தது. தற்செயலாகக் கூடிய சபையோர் உள்ளே அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்கிறது. கைதிகளைப் பிடித்திருப்பதாக ஆசிரியையே தன்மையில் அறிவிக்கிறார். பிறகு, சபையோரின் எதிர்வினை உடன்பாடாயினும் எதிர்மறையாயினும் அதுவும் ஒருவகைப் பங்கேற்பே என்று விதி வகுக்கிறது. அதன் பின்பு வருவதுதான் என் கவனத்தைப் பிடித்து நிறுத்திய இடம். முடிவு எப்படி இருக்கும் என்பதை மூன்று வினாக்களாக அது கேட்கிறது. சபையோர் நிலைமையைச் சும்மா பொறுத்துக்கொண்டிருப்பார்களா என்பது ஒன்று. எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று, அதாவது வெளியிலிருந்து வரும் உதவி, அவர்களை மீட்குமா என்பது இரண்டு. அவர்களே வன்முறையால் கண்ணாடியை உடைப்பார்களா என்பது மூன்று.

வெளி உதவி வரிசையின் நடுவில் நிற்கிறது. அது விபத்தாகவோ தோல்வியாகவோ அங்கே பேசப்படவில்லை; ஆசிரியையே அனுமதித்த மூன்று முடிவுகளில் ஒன்று அது. நடந்ததும் அதுவே. அவ்வாறிருக்க, அறைக்குள் இருந்தவர்கள் கண்ணாடியை உடைக்காமையால் கலைஞரின் நம்பிக்கை பொய்த்தது என்று பிஷப் எழுதும்போது, மூன்று வினாக்களில் மூன்றாவதை மட்டும் எடுத்து அதை நம்பிக்கை என்று பெயரிடுகிறார். எந்த எதிர்வினையும் பங்கேற்பே என்ற விதியையும் அதனோடு கைவிடுகிறார்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவுள்ளதே. குறிப்பின் பிற்பகுதி, செய்தி ஊடகங்களின் வற்புறுத்தல் முதலாக மனிதர் அன்றாடம் அனுபவிக்கும் பலவகை வன்முறைகளைப் பற்றியும், பயத்தாலும் பழக்கத்தாலும் அவற்றுக்கு அவர்கள் பணிந்துபோவதைப் பற்றியும் கோபத்தோடு பேசுகிறது. அப்பகுதியைப் படிப்பவர், அடைபட்டவர்கள் தாமே எழுந்து உடைக்க வேண்டும் என்றுதான் ஆசிரியை விரும்பினார் என எண்ணுவது இயல்பு. விருப்பம் அவ்வாறிருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. விருப்பம் வேறு, படைப்பின் அமைப்பு வேறு. அமைப்பு மூன்று வாயில்களோடு கட்டப்பட்டது.

குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்ற சிக்கல் இங்கே எழுகிறது. ஸ்பானியப் பாடத்தில் வினைச்சொற்கள் காலம் கலந்து வருகின்றன: கண்ணாடி மூடப்பட வேண்டியிருந்தது என்று இறந்தகாலம், சபையோர் அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று முற்றுப்பெற்ற நிகழ்காலம், முடிவைப் பற்றியோ வினாக்கள். சம்பவத்துக்குப் பிறகு எழுதியிருந்தால், முடிவு தெரிந்த ஒருவர் அதை வினாவாக வைக்க நியாயமில்லை. முன்பே எழுதியிருந்தால், அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்ல இயலாது. பின்னால் திருத்தப்பட்ட பாடம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதற்குத் தடையில்லை, ஆதாரமும் இல்லை. என் அனுமானம் இது: எழுதிய நாள் எதுவாயினும், குறிப்பு தன்னைத்தான் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நிறுத்திக்கொள்கிறது. சாவி திரும்பிவிட்டது, கண்ணாடி இன்னும் உடையவில்லை. அந்த இடைவேளைதான் அதன் நிகழ்காலம். இவ்வாறு கொண்டால் மூன்று காலங்களும் முரணின்றிப் பொருந்துகின்றன. இந்த அனுமானம் ஒரு பக்கப் பாடத்தின் இலக்கணத்தின்மீது மட்டுமே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பிஷப்பின் முடிவு அந்த அளவு ஆதாரத்தின்மீதும் நிற்கவில்லை. முன்பு எழுதப்பட்டது என்றால் ஆசிரியை வெளி உதவியை முன்னறிந்திருந்தார். பின்பு எழுதப்பட்டது என்றால் நிகழ்ந்ததை ஏற்று அதற்கு இடம் கொடுத்தார். நம்பிக்கை பொய்த்தது என்ற வாசகம் இரண்டில் எதனோடும் எளிதில் ஒட்டாது.

இனி, உள்ளே இருந்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மையா? பிஷப்பே தரும் விவரங்களின்படி, உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியை மறைத்து ஒட்டப்பட்டிருந்த சுவரொட்டிகளைக் கிழித்தார்கள். அதற்கடுத்து அவர், உள்ளே எவரும் செயலில் இறங்கவில்லை என்கிறார். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கையில் எனக்கு வியப்பாக இருக்கிறது. கலைஞர் வேண்டுமென்றே மறைத்த கண்ணாடியைக் கைதிகள் திறந்துவிட்டார்கள். வெற்றறை என்ற அவருடைய ஏற்பாட்டைக் கலைத்துவிட்டார்கள். வெளியே நின்றவர் உள்ளே இருப்பவர்களைக் காண முடிந்தது இந்தக் கிழிப்பினால்தான். சுவரொட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால், அந்த வெளியாள் எதைக் கண்டு எதை உடைத்திருப்பார்? உள்ளிருப்போர் காகிதத்தை நீக்கினர், வெளியிலிருப்பவர் கண்ணாடியை நீக்கினார்; விடுதலை இரு பக்கத்தாரும் சேர்ந்து செய்த ஒரே காரியம். புஸ்ஸோலோவின் நாற்காலிகள் மே மாதத்தில் கேட்ட கேள்விக்கு அக்டோபரில் கிடைத்த மறுமொழியாக இதை நான் வாசிக்கிறேன்.

கார்லோஸ் மிலித்தெல்லோ எடுத்த புகைப்படங்கள் இதற்குத் துணை நிற்கின்றன. அவற்றில் மிகுதியும் வழங்குவது ஒன்று: உடைந்த கண்ணாடியின் ஒழுங்கற்ற திறப்பின் வழியே ஒரு பெண், உடலை நன்றாகக் குனித்து, விளிம்பில் படாதவாறு காலை எடுத்து வெளியே வைக்கிறார். படம் வெளியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே வெளியே ஒரு புகைப்படக்காரர், கருவியோடு, காத்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேடிக்கை பார்க்க ஆள் கூடிய இடத்தில், கண்ணாடியை உடைத்தவரை வழிப்போக்கர் என்று ஒற்றைச் சொல்லால் அழைப்பது போதுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. நின்று பார்த்து, நிலைமை உணர்ந்து, பிறகு கை வைத்தவர் அவர். அந்தப் பொழுதுக்குள் அவரும் படைப்பின் சபையோருள் ஒருவராகியிருந்தார்.

உடைத்தவருக்கு நேர்ந்த கதி இன்னும் சுவையானது. மீட்க வந்தவர் படைப்பைக் கெடுத்துவிட்டார் என்று கருதிய சிலர், அவரைக் குடையால் தலையில் அடிக்கத் தொடங்கினர் என்பது பிஷப் தரும் செய்தி. அவர் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காக ஒரு வரியில் சொல்லிப் போகிறார். சமூகக் குரூரத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதியவர் இந்தக் குடையை விட்டுவிட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அன்று மாலை மனிதர் மனிதரை உண்மையிலேயே அடித்தது ஒரே முறை; அதுவும் பூட்டியவரையன்று, திறந்தவரை. அடித்தவர் கூலிக்கு அடிக்கவில்லை, கட்டளைக்கு அடிக்கவில்லை. கலைப்படைப்பு என்னும் ஒன்றின் மரியாதையைக் காப்பதாக எண்ணி அடித்தார். அதிகாரத்துக்குப் பழகிப்போன மனம் எங்கே இருக்கிறது என்று கர்னெவாலேயின் குறிப்பு தேடிற்றென்றால், அது அறைக்குள் சும்மா நின்றவர்களிடத்தைக் காட்டிலும் அந்தக் குடையின் பிடியில்தான் தெளிவாக அகப்பட்டது என்பேன். ஒற்றைச் செய்தியின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு, அந்த மாலையின் ஒவ்வொரு செய்தியும் ஒற்றைச் செய்திதான் என்பதே என் பதில்.

நாளைப் பற்றிச் சிறிது. நிகழ்ச்சியின் தேதியாக அக்டோபர் 7 குறிக்கப்படுகிறது, அது திங்கட்கிழமை. காவல் துறையினர் வந்து நிகழ்ச்சியை முடித்து, தொடரையும் அத்துடன் நிறுத்தச் செய்தனர் என்றும், சே குவேரா பிடிபட்டதன் முதலாண்டு நிறைவோடு இதை அவர்கள் சம்பந்தப்படுத்திக்கொண்டனர் என்றும் கூறப்படுகிறது. சே பொலிவியாவில் பிடிபட்டது 1967 அக்டோபர் 8, கொல்லப்பட்டது 9. அவ்வாறாயின் காவல் துறையினர் ஆண்டு நிறைவுக்கு முதல் நாளே கவலைப்பட்டார்கள் என்று கொள்ள வேண்டும், அல்லது இடத்தை மூடும் காரியம் அடுத்த நாள் நடந்திருக்க வேண்டும், அல்லது ஆண்டு நிறைவு என்ற காரணம் பின்னால் நினைவிலிருந்து சொன்னவர்கள் சேர்த்ததாக இருக்க வேண்டும். மூன்றாவதை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. சம்பவம் நடந்தபோது அதைப் பார்த்தவர்கள் பலர், எழுதிவைத்தவர்கள் சிலர், அனா லோங்கோனியும் மரியானோ மெஸ்ட்மனும் 2000இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் பெரிதும் பிற்காலத்து நேர்காணல்களையும் கர்னெவாலே பாதுகாத்துவந்த ஆவணங்களையும் சார்ந்தது. அந்நூலாசிரியர்களின் உழைப்பு இல்லையேல் நாம் வாதிட ஒன்றுமே இராது. எனினும் நேர்காணல் சாட்சியத்தில் தேதிகள் பெரிய தேதிகளை நோக்கி நகரும் சுபாவம் உடையவை என்பது இத்துறையில் உழைப்பவர் அறிந்ததே.

அறையை அடைத்த பிறகு இக்குழு எங்கே போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். பிஷப்பின் வரிசைக்கும் என் வரிசைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் பயன் தருகிறது. ஒரு மாதம் கழியுமுன், 1968 நவம்பர் தொடக்கத்தில், இதே கலைஞர்கள் புவேனோஸ் அயர்ஸ் தோழர்களோடு கூடி, 'துகுமான் ஆர்தே' என்னும் கண்காட்சியை ரொசாரியோவின் தொழிற்சங்கக் கட்டடத்தில் திறந்தனர். சர்க்கரை ஆலைகள் மூடப்பட்டு வறுமையில் வீழ்ந்த துகுமான் மாநிலத்தைப் பற்றியது அது. நுழைவோர் ஆலை முதலாளிகளின் பெயர்கள் எழுதப்பட்ட தரையை மிதித்துத்தான் உள்ளே போக முடியும்; உள்ளே அவர்களுக்குச் சர்க்கரையிடாத கசப்புக் காப்பி வழங்கப்பட்டது; இடையிடையே விளக்குகள் அணைக்கப்பட்டன. மசோட்டாவின் வழியில் வந்த குரூரம்தான் ரொசாரியோவின் உயிர் என்றால், அடுத்த படைப்பில் அது மேலும் முற்றியிருக்க வேண்டும். முற்றவில்லை. இருளும் கசப்பும் தொடர்ந்தன. பூட்டு மட்டும் தொடரவில்லை. கட்டடத்துக்குள் வந்தவர்கள் வேண்டியபோது வெளியேறினர். அக்டோபர் அறையில் கைதிகளாக இருந்தவர்களில் எத்தனை பேர் நவம்பரில் அந்தக் காப்பியைக் குடித்தனர் என்பதைப் புகைப்படங்களில் முகங்களை ஒப்பிட்டுப் பார்த்தே காண வேண்டும்; அதை இனி வருவோர் செய்வார்களாக.